ஆழமில்லாத ஏரி

கிரெடிட் கார்டில் சேர்ந்திருந்த புள்ளிகளுக்கு வியன்னாவரை போகும் மலிவான டிக்கெட்தான் கிடைத்தது. ஆளுக்கு ஒரு கைப்பை, எட்டுக் கிலோ, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒவ்வொரு பைக்கும் அவர்கள் கேட்கும் பணத்தில் இன்னொரு ஊரைப் பார்த்துவிடலாம். ஆகவே ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் மகன் வீட்டுக் கராஜில் குளியலறைத் தராசை வைத்துக்கொண்டு நிறுத்துக்கொண்டே இருந்தேன். பையோடு ஒருமுறை ஏறி நிற்பேன், பையில்லாமல் ஒருமுறை ஏறி நிற்பேன், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பேன். காரை எடுக்க வரும் மருமகள் என்னைப் பார்த்துவிட்டு, "மாமா, வெயிட் குறைஞ்சுதா?" என்று கேட்டபடியே கதவைத் திறப்பாள்.

போக வேண்டும் என்று சொன்னது என் மனைவி. அவள் எதையும் கேட்கிறவள் அல்ல. அதனால்தான் அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

மகன் புது வீடு கட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். கீழ்த்தளத்தில் எங்களுக்கென்று குளியலறையோடு ஓர் அறை சேர்ப்பதா வேண்டாமா என்பதை அஸ்திவாரம் போடுவதற்குமுன் பில்டரிடம் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டு கடைசிதான் கெடு. மகன் வரைபடத்தை விரித்து, "இங்க உங்க பெட், இங்க ஜன்னல், பூஜைக்கு இந்த மூலை" என்று காட்டினான். எனக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். ஓரங்கள் மங்கி, நடுவில் இருப்பது மட்டும் தெளிவாகத் தெரியும். அந்த நடுவில் ஜன்னல் அழகாக விழுந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"போயிட்டு வந்து சொல்றேன்" என்றாள் அவள்.

"எங்கம்மா போயிட்டு?"

"யூரோப்புக்கு."

சிரிப்பு அடங்கியதும் மகன், சமையல்காரரையும் பஸ்ஸிலேயே கூட்டிப்போகிற டூர் இருக்கிறது, காலையில் இட்லிகூடக் கொடுப்பார்கள், தானே புக் பண்ணுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் வரும் ஓய்வுத் தொகை, ஒரு மாதத்துக்கு எவ்வளவோ, அதற்குள் ஒரு மாதம் இருந்துவிட்டு வர வேண்டும் என்றாள். இடம், சாப்பாடு, ரயில் எல்லாம் அதற்குள். அவன் காசு ஒரு டாலர்கூட வேண்டாம். இவளுக்கு இவ்வளவு ரோஷமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்களுடைய நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். ஈரோட்டிலிருந்து நடுவயதில் ஹூஸ்டனுக்கு வந்தவன் நான். எண்ணெய் ஆலைகளுக்கு மின்சார வரைபடம் போட்டுத்தரும் ஒரு நிறுவனத்தில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். கண் கெட ஆரம்பித்ததும் கார் ஓட்டுவதை விட்டேன். அவள் ஓட்டப் பழகவே இல்லை. பேர்லேண்டில் கார் இல்லாதவனுக்குத் தபால் பெட்டிவரைதான் உலகம், அதோடு சரி. எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடுகள். இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரே நிறச் செங்கல். அந்த ஊர் மீனாட்சி கோயில் கோபுரம் பக்கத்தில்தான் என்பார்கள், ஆனால் பக்கம் என்பது அங்கே காரில் பக்கம்.

மகள் நியூஜெர்சியில், எடிசனில் இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனாலும் பெண் கொடுத்த வீட்டில் போய்ப் பெற்றவர்கள் உட்கார்ந்துவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. போனால் ஒரு வாரம் இருப்போம். அதைத் தாண்டினால் எனக்கு அந்த வீட்டில் கால் தரையில் பாவாது. மாப்பிள்ளை காப்பியை நீட்டும்போது அடுத்த விமானம் எப்போது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். இவள் அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். பெட்டியைக் கட்டுவாள். விமானத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

வியன்னாவில் கோடை விடுமுறைக்குக் காலியாகிவிடும் மாணவர் விடுதி ஒன்றில் இரண்டு ஒடுங்கிய கட்டில்கள் கிடைத்தன. தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை. நாங்கள் எந்த அரண்மனைக்குள்ளும் போகவில்லை. வாசலில் நின்று நுழைவுக் கட்டணத்தைப் படித்துவிட்டு, வெளியே இருக்கும் ஜன்னல்களை எண்ணிவிட்டு, எதிரே இருக்கும் பூங்காவில் உட்கார்ந்துவிடுவோம். ஒரு நாள் முழுக்கச் செல்லும் டிராம் டிக்கெட்டை வாங்கினால் எத்தனை முறை ஏறினாலும் ஒரே விலை. அந்த விலையைத் தேய்த்துத் தீர்க்கிறவன்போல நான் ஒவ்வொரு வழித்தடத்திலும் கடைசி நிறுத்தம்வரை அவளைக் கூட்டிப்போனேன். கடைசி நிறுத்தங்களில் ஒன்றும் இருக்காது. ஒரு திராட்சைத் தோட்டத்தின் சரிவு, ஒரு மூடிய பள்ளிக்கூடம், வெயிலில் படுத்திருக்கும் ஒரு நாய். ஓட்டுநர் இறங்கி, ரொட்டி தின்று, மறுபடி ஏறுவார். நாங்களும் ஏறுவோம்.

திரும்பும்போது எனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும். மங்கலான ஓரங்களில் மரங்கள் பச்சைத் தண்ணீராக ஓடும். நடுவில் எப்போதாவது ஒரு பால்கனி, ஒரு சிவப்புப் பூந்தொட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கித் துணி உலர்த்தும் ஒரு பெண். டிராம் மணியடிக்கும். கோயில் மணியா, பள்ளி மணியா என்று ஒரு கணம் தெரியாது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் அவள், மடியில் பையோடு, ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இதெல்லாம் குளிர்காலத்துலயும் ஓடுங்களா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

ஓடும் என்றேன். பனியை ஒதுக்கிக்கொண்டு ஓடும்.

வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு வேக ரயிலில் போகவில்லை. எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலில் போனோம். வழியெல்லாம் சூரியகாந்தி வயல். அத்தனை பூக்களும் ஒரே பக்கம் திரும்பி நின்றன. ஒரு வயலில் மட்டுமாவது எண்ணிவிடலாமா என்று பார்த்தேன், வரிசைகள் சுழன்று கலைந்தன. நாடு மாறியதை என் தொலைபேசிதான் சொன்னது.

அங்கே அறையில் சமையலறை இல்லை. குக்கரை முதல்முதலாக வெளியே எடுத்தோம்.

இந்தக் குக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் சின்ன மின்சாரக் குக்கர் இரண்டு உண்டு. ஒன்று ஈரோட்டில் வாங்கியது, கனமானது. மற்றது ஹூஸ்டனில் வாங்கியது, பஞ்சுபோல லேசானது. அவள் பையில் வைத்தது ஈரோட்டுக் குக்கர். கராஜில் தராசின்மேல் நின்றவன் அதை எடுத்துவிட்டு ஹூஸ்டன் குக்கரை வைத்தேன். கிட்டத்தட்ட ஒரு கிலோ மிச்சம். ஹூஸ்டன் மின்சாரம் நூற்றிருபது வோல்ட், ஐரோப்பாவில் ஈரோட்டைப் போலவே இருநூற்று முப்பது. பிளக்கின் ஊசியை மாற்றினால் வோல்ட் மாறாது என்று ஊருக்குக் கிளம்பும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தொலைபேசியில் பாடம் எடுத்தவன் நான்.

அரிசி, பருப்பு, தக்காளி, பெருங்காயம் எல்லாம் போட்டு அவள் மூடியை மூடினாள். நான் ஊசி மாற்றியைப் பொருத்தி, பிளக்கைச் செருகி, சுவிட்சைத் தட்டினேன். சிறு முனகல். பிறகு ஒரு வெடிப்பு. ரப்பர் கருகும் வாடை. தாழ்வாரம் முழுக்க விளக்கு அணைந்து, எங்கோ ஒரு குளிர்பெட்டி உறுமலை நிறுத்தியது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் படியேறி வந்தாள். முகர்ந்து பார்த்தாள். சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு விசையை மேலே தள்ளினாள். விளக்குகள் வந்தன. குக்கருக்குள் எட்டிப்பார்த்து, அவளுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லோ என்னவோ, "சூப்?" என்றாள்.

"சோறு" என்றாள் என் மனைவி, மிகவும் மரியாதையாக.

கதவு சாத்தியதும் என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, ஹூஸ்டன்ல அத்தனை ஆலை ஓடுதே, அதுக்கெல்லாம் நீங்க போட்ட படந்தானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கணக்கு முழுவதும் அந்தக் குக்கரின்மேல் நின்றது. இரண்டு வேளை வெளியே சாப்பிட்டால் புடாபெஸ்டுக்குப் போகுமுன்பே பணம் தீர்ந்துவிடும், அப்படியே சாப்பிட்டாலும் சைவமாக என்ன கிடைக்கும், உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, பேசாமல் மகனுக்குப் போன் போட்டுத் திரும்பிவிடலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் தன் குளிர்க்கோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். பைகளுக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகக் கட்டிலில் வைத்தாள். அவல் பொட்டலங்கள் நான்கு, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், மோர்மிளகாய்.

"இதெல்லாம் எப்ப வச்ச? எடை?"

"கோட்டை யாரும் நிறுக்கறதில்லீங்க."

அறையில் தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் ஒன்று இருந்தது. வெந்நீரில் அவலை நனைத்தாள். எதிர்க் கடையில் தயிர் கெட்டியாக, மலிவாகக் கிடைத்தது. அன்றிலிருந்து காலையில் ரொட்டியும் தக்காளியும், மதியம் தயிர் அவல், இராத்திரி பருப்புப்பொடி போட்ட அவல். பட்டினி கிடக்கவில்லை. பணமும் கணக்குக்குள்ளேயே இருந்தது. பாத்திரம் கழுவும் வேலை பாதியாகிவிட்டதால் மாலைகள் நீண்டன. டான்யூப் கரைக் கல்படிகளில் உட்கார்ந்து சரக்குப் படகுகளை எண்ணுவேன். பதினொன்று எண்ணுவதற்குள் தூங்கிப்போவேன். எழுந்தால் ஆறு அதே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நான் யாருக்கும் அப்பா இல்லை, யாருக்கும் தாத்தா இல்லை, எந்த ஊர்க்காரனும் இல்லை என்று தோன்றும். பயமாக இருக்க வேண்டியது. ஏனோ இதமாக இருந்தது.

புடாபெஸ்டில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. நடுவில் முற்றம், நான்கு பக்கமும் இரும்புக் கம்பி போட்ட நடை. கீழே இறங்கினால் காய்கறிக் கடை, அதற்கடுத்து மருந்துக்கடை, முனையில் டிராம். அவள் தினமும் தனியாகப் போய்த் தயிர் வாங்கி வரத் தொடங்கினாள். முதல்நாள் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தையே பார்த்தபடி நின்றேன். அவள் கையில் தயிரும் ஒரு கொத்து வெங்காயத்தாளுமாக வந்தாள். கடைக்காரப் பெண்மணிக்கும் முழங்கால் வலி, இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டோம் என்றாள்.

அவள் கேட்ட கேள்விகளை நான் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டேன். இப்படி ஒரு ரூமுக்கு மாசம் எவ்வளவு வாடகை இருக்கும். கரண்டு பில் தனியா. லிஃப்ட் இல்லாட்டி எத்தனாவது மாடிவரைக்கும் தாங்கும். எல்லாவற்றுக்கும் விவரமாகப் பதில் சொன்னேன். கணக்கு கேட்டால் எனக்குச் சந்தோஷம்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் பாலடோன் ஏரிக்குப் போனோம். அதுவும் எல்லா ஊரிலும் நிற்கும் ரயில்தான். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. ஜன்னல் முழுக்கத் தண்ணீர். பாலில் துளி பச்சை கலந்ததுபோல ஒரு நிறம். வானத்துக்கும் அதே நிறம், எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. கரையிலிருந்து வெகுதூரத்தில், ஏரியின் நடுவிலேயே என்று சொல்லலாம், மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீந்தவில்லை. இடுப்பளவு நீரில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செய்தித்தாள் படித்தார்.

அடுத்து வந்த சிறிய நிலையத்திலேயே இறங்கினோம். அவள் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் கரையில் உட்கார்ந்து தண்ணீரில் நிற்கும் தலைகளை எண்ணினேன். நாற்பத்தாறு. அவளோடு நாற்பத்தேழு. மறுபடி எண்ணியபோது நாற்பத்தாறுதான் வந்தது. அவள் போய்க்கொண்டே இருந்தாள். மங்கலான பக்கத்துக்குள் நழுவி, மறுபடி நடுவுக்கு வந்து, ஒரு நீலப் புள்ளியாகிவிட்டாள். கூப்பிட்டேன், காற்று அந்தப் பக்கம் போகவில்லை. செருப்புகளைக் கரையில் விட்டுவிட்டு, கால்சட்டை நனைய நானும் இறங்கினேன். காலுக்குக் கீழே மெல்லிய மணல், அலைகூட இல்லை. நடந்தேன், நடந்தேன். தண்ணீர் முழங்காலைத் தாண்டவே இல்லை.

"பயந்துட்டீங்களா?" என்றாள் கிட்டே போனதும்.

"ஆழம் தெரியாம கால விடறியே."

"எங்கீங்க ஆழம்? இவ்வளவு தூரம் வந்தாச்சு." குனிந்து நீரை அள்ளி விட்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அந்தக் கீழ் ரூம் வேண்டாமுங்க."

மாடி அறை கேட்கிறாள் என்று நினைத்து, இந்த முழங்கால் வலியோடு மாடியில் உன்னால் ஏற முடியுமா என்று கேட்டேன்.

"மாடியும் வேண்டாம். எடிசன்ல ரயிலடிக்குப் பக்கமா ஒரு ரூம் போதும்."

"மக வீட்டுக்கா? போய் உக்காந்துக்கறதா?"

"அவ வீட்டுலன்னு ஆரு சொன்னா? வாடகைக்கு. நம்ம ரெண்டு பேரு. நான் அவளப் போய்ப் பாத்துட்டு சாயங்காலம் திரும்பி வந்துருவேன். உங்க வழக்கத்த நீங்க பத்திரமா வச்சுக்குங்க."

எனக்குப் பதில் கணக்காகத்தான் வந்தது. நியூஜெர்சி வாடகை உனக்குத் தெரியுமா, குளிர்காலத்தில் சூடேற்றும் செலவு, மருந்து, பல் வைத்தியம் என்று சொல்லிக்கொண்டே போனேன். வாடகை அவளுக்குத் தெரிந்திருந்தது. மகளைவிட்டு விசாரித்திருக்கிறாள், ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளுக்கு எந்த பஸ் போகும் என்பதுவரை. நான் நிறுத்தும்வரை காத்திருந்து, சொன்னாள்:

"ஊரு ஊரா சுத்தி, நாளுக்கொரு வாடகை குடுத்தே ஒரு மாச பென்சன் செக்கு தாங்கிருச்சு. ஒரே இடத்துல உக்காந்தா தாங்காதா? குக்கர் எரிஞ்சும் நாம ஆருகிட்டயும் கை நீட்டலையே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மாதத் தொகை என்று அவள் போட்ட நிபந்தனை ரோஷமில்லை. டிராம் கடைசி நிறுத்தங்கள், மூன்றாம் மாடி, தயிர்க்கடை எல்லாவற்றையும் அவள் வேறு ஒரு வாழ்க்கைக்காக அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் நான் ஐரோப்பாவில் இருந்தேன். அவள் எடிசனில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"அவன் வீட்டுல உனக்கு என்ன குறை?" என்று கேட்டேன். மகனுக்காகக் கேட்டேன். எனக்காகவும்தான்.

"ஒரு குறையும் இல்ல. எம்மருமகள மாதிரி ஆரும் பாத்துக்க மாட்டாங்க." மறுபடி நீரை அள்ளினாள். "ஆனா இத்தனை வருசமா, கோயிலோ கடையோ, எங்க போகோணும்னாலும், எப்ப ஃப்ரீ கண்ணுன்னு கேட்டுட்டுத்தான் போயிருக்கேன். இங்க வந்து நான் ஆரையும் கேக்கல."

வெகுதூரத்தில் ஒரு பாய்மரம் அசையாமல் நின்றது. செய்தித்தாள் படித்தவர் பக்கத்தைத் திருப்பினார். எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அந்த ஒரு பயத்தால்தான் கீழ் அறையின் ஜன்னல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போது தெரிந்தது.

"என் கண்ணு முழுசாப் போயிட்டா? ரெண்டு பேரு தனியா என்ன பண்றது?"

"போனா போகட்டும். இது எந்த ஸ்டேஷன்னு நான் சொல்லிட்டே வர்றேன்."

கரைக்குத் திரும்ப வெகுநேரம் ஆயிற்று. அவள் முன்னே, நான் பின்னே. மேகம் ஒன்று வந்ததும் ஏரி முழுவதும் சாம்பல் நிறமாகி, போனதும் மறுபடி பாலானது. நடந்துகொண்டே கூட்டிப்பார்த்தேன். வாடகை, கரண்டு, மருந்து, மாதம் ஒருமுறை மன்ஹாட்டனுக்கு ரயில். மீதி அதிகமில்லை. இல்லாமலும் இல்லை.

நிலைய மேடையில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஹூஸ்டனில் காலை, மகன் ஃப்ரீவேயில் ஆபீசுக்குப் போகும் நேரம். நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் அழுதுவிடுவேன் என்று அவள் போனை என் கையில் வைத்தாள்.

பில்டரிடம் கீழ் அறை வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். காரின் இரைச்சலுக்கு நடுவே, அம்மாவுக்கு ஏதாவது வருத்தமா, மருமகள் ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். இல்லை என்றேன். எடிசனுக்குப் போகிறோம் என்றேன்.

"தங்கச்சி வீட்லயா இருக்கப் போறீங்க?" அவன் குரல் சிறுவயதில் விளையாட்டில் தோற்றுவிட்டு வரும்போதிருந்த குரலாக இருந்தது. "நீங்கதானப்பா அது சரியில்லன்னு சொல்வீங்க?"

"அவ வீட்டுல இல்லப்பா. எங்க வீட்டுல."

ஒரு லாரி அவனைக் கடந்துபோவது கேட்டது. எவ்வளவு வாடகை என்றான், சொன்னேன். கட்டுப்படியாகுமா என்றான், பார்த்தாகிவிட்டது என்றேன். மாதம் ஏதாவது அனுப்பட்டுமா என்று கேட்டான். நாங்கள் கேட்டால் கொடு என்றேன். பிறகு வேறு குரலில், "சரி, அந்த இடத்துல ஜிம் வச்சிடறேன். எக்சிட் வந்துடுச்சு, வைக்கறேன்ப்பா" என்றான்.

"என்ன சொன்னான்?" என்றாள் அவள்.

"ஜிம் வைக்கறானாம்."

"ஒரு நாள் பண்ண மாட்டான்" என்றாள். சொல்லிவிட்டுத் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் ரயில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவரும் ஏறவில்லை. நாங்களும் ஏறவில்லை. அடுத்தது எப்போது என்று நான் கேட்கவில்லை. அது போன பிறகு தண்டவாளத்துக்கு அப்பால் ஏரி மறுபடி தெரிந்தது. அவள் ஈரக் காலை வெயிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.